ராணிக்கேத்: ஒரு மலையூர் கோழி நோயான கதை

முதல் முறையாக வீட்டுக்குப் பின்னால் பத்துக் கோழி வளர்க்க ஆரம்பிக்கிறவர்கள், கூண்டு அளவும் தீவனக் கணக்கும் கற்றுக்கொள்வதற்கு முன்பே ஒரு ஊர்ப் பெயரைக் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். குஞ்சு விற்கிறவர் சொல்வார், "ஆர்.டி. மட்டும் மறக்காம போட்டுருங்க." கால்நடை மருந்தகத்துக்குப் போனால் அங்கேயும் முதல் கேள்வி "ஆர்.டி. போட்டாச்சா?" ஆர்.டி. என்றால் ராணிக்கேத் டிசீஸ். பலரும் இதை ஏதோ ஒரு விஞ்ஞானியின் பெயர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இது உத்தராகண்டில், குமாவுன் மலைகளில் இருக்கும் ஒரு சின்ன ஊர். தேவதாரு மரங்களும் இமயமலைக் காட்சியுமாக ரொம்ப அழகான ஊர்.

கொரோனா சமயத்தில் ஊருக்குப் போய் அங்கிருந்தே வேலை பார்த்த ஐ.டி. ஆட்களில் கோழி வளர்க்க ஆரம்பித்தவர்கள் நிறையப் பேர். எங்கள் டீமிலேயே மூன்று பேர். அதில் இரண்டு பேருடைய கோழிகள் ஒரே வாரத்தில் மொத்தமாகப் போய்விட்டன. "தீவனமெல்லாம் சரியாத்தான் போட்டேன், நரியும் வரலை, கீரியும் வரலை, எப்படிப்பா?" என்று அதில் ஒருவர் கேட்டதிலிருந்துதான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். மருத்துவத் தகவலைத் தேடிப் போன இடத்தில் ஒரு வரலாறு கிடைத்தது.

நம்ம ஊரில் இதற்குப் பெயர் வெள்ளைக்கழிச்சல், அல்லது கோழிக்கழிச்சல். காலையில் ஒரு கோழி தீனி எடுக்காமல், இறக்கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஓரமாக நிற்கும். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும். வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கும். அடுத்த நாள் இன்னும் நாலு. தப்பிப் பிழைக்கிற ஒன்றிரண்டும் கழுத்து முறுக்கிக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி சுற்றிச் சுற்றி வரும். தடுப்பூசி போடாத கூட்டத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு சாகும், சில சமயம் நூறுமே சாகும். வந்த பிறகு இதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. அம்மா சின்ன வெங்காயமும் மஞ்சளும் அரைத்து உருட்டிப் போடுவார். கூடவே, "பங்குனி சித்திரைக்கு முன்னாடி வித்துக் காசாக்கிடணும்" என்றும் சொல்வார். இரண்டாவது வைத்தியம்தான் நம்பகமானது என்பது என் கருத்து.

இந்த நோய் அறிவியல் பதிவேட்டில் ஏறியது 1926-ல். முதல் இடம் ஜாவா, அதாவது அன்றைய டச்சுக் கிழக்கிந்தியா. கிரானவெல்ட் என்ற டச்சு கால்நடை மருத்துவர் அங்கே கோழிகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்ற ஒரு நோயை விவரித்து அதே ஆண்டு எழுதினார். அந்த ஆண்டு வசந்தத்தில் இங்கிலாந்தின் வடகிழக்கில், டைன் ஆற்றங்கரையிலுள்ள நியூகாசில் நகரை ஒட்டிய ஒரு பண்ணையிலும் கோழிகள் செத்தன. ஜாவா எங்கே, நியூகாசில் எங்கே? நியூகாசில் ஒரு துறைமுக நகரம். தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த கப்பலில், உறைய வைத்த இறைச்சியாகவோ உயிருள்ள கோழியாகவோ நோய் வந்து இறங்கியிருக்கலாம் என்பது அப்போதிருந்தே பேசப்படும் ஊகம்.

நியூகாசில் கோழிகளை ஆராய்ந்தவர் வேபிரிட்ஜ் ஆய்வகத்தைச் சேர்ந்த டாயில். அவருக்கு முன்னால் இருந்த சிக்கல் நம்ம வேலையில் தினமும் வருகிற சிக்கல்தான். இரண்டு பக் ரிப்போர்ட் வருகிறது, அறிகுறி கிட்டத்தட்ட ஒன்றுதான். இது பழைய பக்கா, புதுசா? கோழிகளைக் கும்பலாகக் கொல்லும் 'கோழிக் கொள்ளைநோய்' என்ற ஒன்றை 1878-லேயே இத்தாலியில் பெரோன்சிட்டோ விவரித்திருந்தார். அது பாக்டீரியாவைப் பிடித்து நிறுத்தும் பீங்கான் வடிகட்டியையும் தாண்டிப் போகிற ஏதோ ஒன்றால் வருகிறது என்பது 1901-ல் தெரிந்துவிட்டது. (அது பறவைக் காய்ச்சல் வைரஸ் என்பது 1955-ல்தான் நிரூபணமானது.) டாயிலின் கிருமியும் வடிகட்டியைத் தாண்டியது. அந்தக் காலத்தில் வைரஸைக் கண்ணால் பார்க்க வழியில்லை, ஜீனோம் படிக்க வழியில்லை. அப்புறம் எப்படிப் பிரிப்பது?

கோழியையே கருவியாகப் பயன்படுத்தினார்கள். ஒரு நோயில் பிழைத்த கோழிக்கு அந்த நோய் திரும்ப வராது. அந்தக் கோழிக்கு மற்ற நோயின் கிருமியைக் கொடுத்துப் பார்த்தால், இரண்டும் ஒரே நோய் என்றால் கோழி தாங்கும், வேறு என்றால் விழும். கோழி விழுந்தது. ஆகவே இது புது நோய். 1927-ல் டாயில் அப்படியே எழுதினார்.

பெயர் வைப்பதில்தான் வேடிக்கை. அறிகுறியை வைத்துப் பெயர் சூட்டினால் பழைய நோயோடு குழம்பும் என்பதால், தற்காலிகமாக இருக்கட்டும் என்று ஊர்ப் பெயரைப் போட்டு 'நியூகாசில் நோய்' என்றார். கோட் எழுதும்போது 'டெம்ப்' என்று ஒரு பெயர் வைத்து, அது புரொடக்‌ஷன் வரைக்கும் போய் இருபது வருஷம் உட்கார்ந்திருக்குமே, அதே கதை. நூறு வருஷமாகிறது, பெயர் மாறவில்லை. முதலில் எழுதின கிரானவெல்ட்டுக்கும் ஜாவாவுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. சமீபத்தில்தான் வைரஸ் வகைப்பாட்டுக் குழு இந்த இனத்துக்கு 'ஆர்த்தோஅவுலாவைரஸ் ஜாவேன்ஸே' என்று பெயர் மாற்றி ஜாவாவை உள்ளே கொண்டுவந்தது. அந்தப் பெயரை எந்தக் கோழிக்காரரும் வாயால் சொல்லப்போவதில்லை என்பது வேறு விஷயம்.

இப்போது குமாவுனுக்கு வருவோம். 1927-ல் ராணிக்கேத்தில் கோழிகள் செத்தன. ராணிக்கேத் என்றால் ராணியின் வயல். பழைய கத்யூரி வம்சத்து ராணி ஒருத்தி இந்த இடத்தில் மனதைப் பறிகொடுத்தாள் என்பது உள்ளூர்க் கதை. 1869-ல் பிரிட்டிஷார் இதை ராணுவக் கண்டோன்மென்ட் ஆக்கினார்கள். அதே குமாவுன் மலைகளில் இருப்பது முக்தேஸ்வர். அங்கே பேரரசுக் கால்நடை ஆய்வு நிறுவனம் இருந்தது. 1889-ல் பூனாவில் தொடங்கி, கொஞ்ச வருஷத்தில் இந்த மலைக்கு மாறியது. மாடுகளை அழித்த வெக்கை நோய்க்கான ஆராய்ச்சிதான் அங்கே பிரதானம். ஆபத்தான கிருமிகளை வைத்து வேலை செய்ய ஊரிலிருந்து ஒதுங்கின, குளிரான இடம் தேவைப்பட்டது. 1897-ல் ராபர்ட் கோக்கே அங்கே வந்து போயிருக்கிறார். இன்றைய இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் இதன் தொடர்ச்சிதான்.

அதன் இயக்குநர் எட்வர்ட்ஸ் 1928 அறிக்கையில் ஒரு புதிய கோழி நோய் என்று இதைப் பதிவு செய்தார். நோய் 'ராணிக்கேத்' ஆனது. நியூகாசில், ஜாவா, ராணிக்கேத் மூன்றும் ஒன்றே என்று தெரிந்த பிறகும் இந்தியாவில் பெயர் மாறவில்லை. பிலிப்பைன்ஸில் இதையே டெட்டேலோ என்கிறார்கள். ஒரு வைரஸுக்கு எத்தனை ஊரில் எத்தனை பெயர்!

இங்கே ஒரு கேள்வி என்னை ரொம்ப நாள் குடைந்தது. 1926-ல் ஜாவா, 1926-ல் நியூகாசில், 1927-ல் ராணிக்கேத். திடீரென்று ஒரு வைரஸ் பிறந்து இரண்டு வருஷத்தில் மூன்று மூலைக்கும் போய்விட்டதா? போயிருக்கலாம், கப்பல் காலம்தான். ஆனால் இன்னொரு சாட்சியும் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் 1896-ஐ ஒட்டி வீட்டுக் கோழிகள் எல்லாம் செத்துப்போன ஒரு சம்பவம், 1956-ல் மெக்ஃபெர்சன் என்பவர் எழுதிய கட்டுரையில் வருகிறது. அறிகுறிகள் இந்த நோயோடு பொருந்துகின்றன. கொரியாவில் 1924-லேயே இருந்தது என்று பின்னால் வந்த ஒரு கட்டுரை சொல்கிறது. அப்படியானால் 1926 நோய் பிறந்த ஆண்டு என்பதைவிட, நோய் ஒரு ஆய்வகத்தின் வாசலுக்கு வந்து சேர்ந்த ஆண்டு என்றுதான் எனக்குப் படுகிறது. நியூகாசிலில் அது பண்ணையில் வந்தது, வேபிரிட்ஜ் இருந்தது. குமாவுனில் கண்டோன்மென்ட் இருந்தது, முக்தேஸ்வர் இருந்தது. ஒரு தீவில் நாலு கிழவிகளின் கோழி செத்தால் யார் அறிக்கை எழுதப்போகிறார்கள்? மாடு செத்தால் ஏர் நின்றுபோகும், வரி நின்றுபோகும். அதனால் மாட்டு நோய்க்கு நிறுவனமே வந்தது. கோழி செத்தால் பெண்கள் முந்தானையில் முடிந்து வைத்திருக்கும் காசு மட்டும்தான் போகும். அந்தக் காசுக்கு எந்த அரசாங்கமும் கணக்கு வைத்ததில்லை.

இதே சாய்வு மருந்திலும் தொடர்ந்தது. அதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

தடுப்பூசிக்கு வழி திறந்தது கோழி முட்டை. 1931-ல் அமெரிக்காவில் குட்பாஸ்ச்சரும் உட்ரஃபும் அடைமுட்டைக்குள் வளரும் கருவில் வைரஸை வளர்க்கலாம் என்று காட்டினார்கள். கொடிய வைரஸை ஒரு முட்டையிலிருந்து அடுத்த முட்டைக்கு, அதிலிருந்து இன்னொன்றுக்கு என்று மாற்றிக்கொண்டே போனால், அது முட்டைக்குப் பழகி, வளர்ந்த கோழியைக் கொல்லும் வீரியத்தை இழந்துவிடும். ஆனால் எதிர்ப்புச் சக்தியைக் கிளப்பும். 1940-ல் எஸ்.ஜி. ஐயரும் டாப்சனும் இந்த வழியில் வெற்றி கண்டதாக எழுதினார்கள். பெயரைப் பாருங்கள், முதலில் இருப்பது நம்ம பக்கத்துப் பெயர். அடுத்த சில வருஷங்களில் முக்தேஸ்வரில் ஹாடோவும் இத்னானியும் உள்ளூர் வைரஸை அதே மாதிரி முட்டையில் பழக்கி எடுத்தார்கள். அதுதான் முக்தேஸ்வர் ரகம். இன்றைக்கும் நம் மருந்தகங்களில் 'ஆர்-டூ-பி' என்று எட்டு வாரக் கோழிக்கு ஊசியாகப் போடுவது அதன் வாரிசுதான்.

ஏன் எட்டு வாரம்? அந்த ரகம் பாதிதான் அடங்கினது. சின்னக் குஞ்சுக்குப் போட்டால் குஞ்சே போய்விடும். குஞ்சுக்கு இன்னும் சாதுவான வைரஸ் வேண்டும். 1946-ல் நியூஜெர்சியில் ஆடம் லசோட்டா என்ற பண்ணைக்காரரின் கோழிகளிலிருந்து எடுத்தது அப்படி ஒன்று. உலகத்தில் இன்று அதிகமாகப் புழங்கும் கோழித் தடுப்பு மருந்துகளில் ஒன்று அவர் பெயரில்தான் இருக்கிறது. இங்கிலாந்தில் ஆஸ்ப்ளின் கண்டெடுத்த எஃப் ரகம் இன்னொன்று. ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு, வேலை முடிந்தது.

வேலை முடிந்தது யாருக்கு? பண்ணைக்கு. நாமக்கல் பக்கம் ஒரு முட்டைப் பண்ணையை யோசித்துப் பாருங்கள். ஒரே நாளில் பொரித்த ஆயிரக்கணக்கான குஞ்சுகள், ஒரே கொட்டகை. ஏழாம் நாள் என்றால் எல்லாவற்றுக்கும் அன்றைக்கே ஏழாம் நாள். பிறகு தண்ணீரில் கலந்தும் கொடுத்துவிடலாம். நம்ம பாஷையில் சொன்னால் பேட்ச் பிராசஸிங்.

வீட்டுக் கொல்லை அப்படி இல்லை. பஞ்சாரத்துக்குள் ஒரு தாய்க்கோழியும் பத்து நாள் குஞ்சுகளும். மூலையில் ஒன்று அடையில். முருங்கை மரத்தில் மூன்று மாத விடைகள். போன வாரம் சந்தையிலிருந்து வந்த சேவல் ஒன்று. ஏழாம் நாளும் எட்டாம் வாரமும் வருஷம் முழுக்க, தனித்தனியாக, ஏதாவது ஒரு கோழிக்கு வந்துகொண்டே இருக்கும். மருந்து எப்படி வருகிறது? உயிருள்ள வைரஸை உறைய வைத்து உலர்த்தி, 100 கோழிக்கு, 500 கோழிக்கு, 1000 கோழிக்கு என்று குப்பியில். இரண்டிலிருந்து எட்டு டிகிரிக் குளிரில் வைத்திருக்க வேண்டும். கலக்கிவிட்டால் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். பத்துக் கோழி வைத்திருக்கிறவர் 100 கோழிக்கான சின்னக் குப்பியை வாங்கினாலும் பத்துச் சொட்டு போக மிச்சம் தொண்ணூறையும் வீணாக்கத்தான் வேண்டும். ஐஸ் போட்ட டப்பாவில் வைத்து டவுனிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்ததெல்லாம் தனி. மருந்து கண்டுபிடித்து எண்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் கொல்லைக் கோழி சாவதற்குக் காரணமாக 'விழிப்புணர்வு இல்லை' என்று அதிகாரிகள் சொல்வதைப் படிக்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. விலை, குப்பி அளவு, குளிர், நாள் கணக்கு நாலுமே பண்ணையை மனதில் வைத்து வடிவமைத்தவை. யூசர் யார் என்றே பார்க்காமல் செய்த டிசைன்.

அந்த யூசரைக் கொஞ்சம் பார்த்தவர்கள் ஆஸ்திரேலியாவில் இருந்தார்கள். 1966-ல் குயின்ஸ்லாந்தில், எந்த நோயும் இல்லாத கோழிகளிடமிருந்து இதே வைரஸின் ஒரு பரம சாதுவான ரகம் கிடைத்தது. வி-4 என்று பெயர். அது வெப்பத்தையும் தாங்கியது. குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஸ்பிராட்பிரோ அதில் இருந்த வாய்ப்பைப் பிடித்துக்கொண்டார். 1980-களில் மலேசியாவின் வேளாண் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, வெப்பம் தாங்கும் வைரஸை மட்டும் தேர்ந்தெடுத்துப் பெருக்கி, தீனியில் கலந்து தூவிப் பார்த்தார்கள். கோழியைப் பிடிக்கவே வேண்டாம், தானாக வந்து பொறுக்கிக்கொள்ளும். யோசனை அற்புதம், பலன் முன்னே பின்னே. தானியத்தின் ரகம் மாறினால் முடிவு மாறியது, பலமான கோழி நிறையத் தின்றது, நோஞ்சான் தின்னவில்லை. கண்ணில் விடும் சொட்டு அளவுக்கு வரவில்லை.

அதற்கடுத்து ஐ-2 என்ற ரகம் வந்தது. குளிர்பெட்டி இல்லாமலும் சில வாரம் தாங்கும். கண்ணில் ஒரு சொட்டு, நான்கு மாதத்துக்கு ஒருமுறை, எந்த வயசுக் கோழிக்கும் அதே ஒரு சொட்டு. குஞ்சுக்கு ஒன்று, பெரிசுக்கு ஒன்று என்ற கணக்கே கிடையாது. மூல வைரஸை ஏழை நாடுகளின் ஆய்வகங்களுக்கு இலவசமாகவே கொடுத்தார்கள். மொசாம்பிக்கில் ராபின் ஆல்டர்ஸ் என்ற கால்நடை மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும் இதைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனபோது, சொட்டு விடப் பழக்கப்பட்டவர்களில் கிராமத்துப் பெண்கள் நிறைய இருந்தார்கள். கோழிக்கு இவ்வளவு என்று ஒரு சின்னத் தொகை வாங்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். தான்சானியா, வியட்நாம் என்று இது பரவியது. நோயைக் கண்டுபிடித்து ஏறக்குறைய எழுபது வருஷம் கழித்து, பத்துக் கோழிக்காரிக்கென்று ஒரு மருந்து.

பணக்கார நாட்டுக்காரர்கள் கொல்லைக் கோழியைத் தனிக் கவலையாக நினைக்கத் தேவையில்லை என்றும் சொல்ல முடியாது. கலிபோர்னியாவில் 1971-ல் வெளிநாட்டுக் கிளிகளோடு வந்த இந்த நோயை ஒழிக்க ஏறக்குறைய 1.2 கோடிப் பறவைகளைக் கொன்றார்கள். 2002-லும் 2018-லும் மறுபடி வந்தபோது அது முதலில் சுற்றியது பண்ணைகளில் இல்லை, வீட்டுக் கொல்லைகளிலும் சண்டைச் சேவல், கண்காட்சிக் கோழி வளர்ப்பவர்களிடமும்தான்.

தமிழ்நாட்டில் என்ன நிலைமை? ராணிக்கேத்துக்கு மருந்து தயாரிப்பது ராணிப்பேட்டையில், கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்தில். (ராணிப்பேட்டை, தேசிங்குராஜன் மனைவியின் நினைவாக எழுந்த ஊர் என்பார்கள். ஒரு ராணி நோய்க்கு, ஒரு ராணி மருந்துக்கு.) சென்னையிலுள்ள கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தீனி மாதிரியே போடக்கூடிய குருணை மருந்து ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறது. வி-4-ன் அதே கனவுதான். எல்லாவற்றையும்விட உருப்படியானது என்று நான் நினைப்பது, கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரியில் நடத்தும் இருவாரக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம். குப்பியை வீட்டுக்குக் கொண்டுபோவதற்குப் பதில் ஊரையே ஒரு பண்ணையாக நினைத்துக்கொள்கிற ஏற்பாடு அது. பிப்ரவரி என்பதையும் கவனியுங்கள், அம்மா சொல்லும் பங்குனி சித்திரைக்குக் கொஞ்சம் முன்னால். முகாமன்று காலையில் கோழியைத் திறந்துவிட்டுவிட்டால் கதை முடிந்தது, அதற்கப்புறம் பிடிக்க முடியாது. கூட்டுக்குள், பஞ்சாரத்துக்குள் இருக்கும்போதே போட்டுவிட வேண்டும்.

வருஷத்துக்கு ஒரு முகாம் மட்டும் போதாது. நடுவில் பொரிக்கிற குஞ்சுகளுக்கு என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. முதல் முறை கோழி வாங்குகிறவர்களுக்கு நான் இப்போதெல்லாம் சொல்வது இரண்டுதான். சந்தையிலிருந்து வரும் புதுக் கோழியை இரண்டு வாரமாவது தனியாக அடைத்து வையுங்கள். நோய் உள்ளே இருந்தால் பெரும்பாலும் அதற்குள் வெளியே தெரிந்துவிடும். குஞ்சு பொரிக்க அடை வைக்கும்போது, உங்கள் தெருவில் யார் யார் கோழி வைத்திருக்கிறார்கள் என்று விசாரித்து, முடிந்தால் அதே வாரத்தில் அவர்களையும் அடை வைக்கச் சொல்லுங்கள். இருபத்தோராம் நாளை ஒட்டி எல்லார் வீட்டிலும் குஞ்சு வரும், அதிலிருந்து ஏழாம் நாள் ஒரு குப்பியை உடைத்தால் எட்டு வீட்டுக்குக் காணும். ஐஸ் டப்பா யாரிடம் இருக்கிறது என்பதை மட்டும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.